ஓசியில் வந்த தச்சுக் கருவிகள்: எதிலிருந்து தொடங்குவது?

புதுஉளி:

வணக்கம். வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவர், "வேணும்னா எடுத்துக்கோங்க, இல்லைன்னா குப்பைக்குத்தான் போகும்" என்று ஒரு மரப்பெட்டி நிறையத் தச்சுக் கருவிகளைக் கொடுத்துவிட்டார். உள்ளே இருப்பவை: இரும்பு இழைப்புளி ஒன்று (பெயிலி என்றும் எண் 5 என்றும் வார்த்திருக்கிறது), மரப்பிடி போட்ட உளிகள் நான்கு (ஒன்றின் பிடி பிளந்திருக்கிறது), கைரம்பம் இரண்டு, கையால் சுற்றித் துளை போடும் கருவி, மூலைமட்டம், தலை பிதுங்கிப்போன சுத்தியல். கூடவே பழைய வட்ட ரம்ப மெஷின் ஒன்று. எல்லாவற்றிலும் துரு.

நான் இதுவரை ஒரு பலகையைக்கூட அறுத்ததில்லை. முதலில் ஒரு சின்னப் பெட்டி, அப்புறம் ஒரு புத்தக அலமாரி செய்ய ஆசை. எதைச் சரி செய்யலாம், எதைத் தூக்கிப் போடலாம்? காசு அதிகம் செலவழிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

கொட்டாப்புளி:

தம்பி, பெட்டி முழுவதையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரே ஒரு உளியை எடுங்கள். அகலம் 18லிருந்து 20 மி.மீ. இருப்பது நல்லது. அதைத் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் இருக்கிறது. தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மரவேலையை விட்டுவிடுகிறவர்களைக் கேட்டால் "கை வரவில்லை" என்பார்கள். கருவியை வாங்கிப் பார்த்தால் முனை மழுங்கிக் கிடக்கும். மழுங்கிய உளியை வைத்துக்கொண்டு அனுபவசாலியாலும் ஒன்றும் செய்ய முடியாது. கூடுதல் பலம் போட வேண்டிவரும், உளி வழுக்கும், கை கிழியும்.

தீட்டுக்கல் வாங்க வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று போதும், பழைய டீப்பாய் கண்ணாடி இருந்தால் பிரமாதம். அதன்மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை ஒட்டுங்கள். தாளின் எண் 220, 400, 1000, 2000 என்று வரிசையாகப் போங்கள், எண் கூடக்கூடத் தாள் நைசாகும். முதலில் உளியின் தட்டைப் பக்கம். முழு நீளமும் வேண்டாம், முனையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. வரை கண்ணாடி மாதிரி மின்னினால் போதும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சாய்வுப் பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும் தட்டைப் பக்கம் சமமாக இல்லாவிட்டால் கூர் வராது. கூர் என்பதே அந்த இரண்டு பரப்பும் சந்திக்கிற கோடுதானே.

அப்புறம் சாய்வு. 25 டிகிரியில் தேய்த்துவிட்டு, கடைசி நுனியை மட்டும் 30 டிகிரிக்குக் கொஞ்சம் தூக்கித் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும். தட்டைப் பக்கத்தில் விரலை முனைக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். மெல்லிய பிசிறு ஒன்று விரலில் தட்டுப்பட வேண்டும், அதுவும் முனை நெடுக. ஒரு மூலையில் மட்டும் பிசிறு இருந்தால் இன்னொரு மூலைக்கு உப்புத்தாள் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பிசிறு வராமல் அடுத்த தாளுக்குப் போகாதீர்கள்.

துருப்பிரியன்:

கொட்டாப்புளி அண்ணன் சொன்னதற்கு முந்தைய வேலை என்னுடையது. துரு.

லேசான துரு என்றால் எண்ணெய் தொட்டு உலோக நார் வைத்துத் தேய்த்தாலே போய்விடும். தடித்த துருவுக்கு வினிகர். இரும்புப் பாகத்தை மட்டும் கழற்றி, முழுவதும் மூழ்கும்படி ஓர் இரவு போட்டு வையுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திரவத்தின் மட்டத்தில் கோடு விழுந்து அரித்துவிடும். காலையில் எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பாக வழியும். உடனே சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்குங்கள், இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் அமிலம் வேலையைத் தொடரும். பிறகு நன்றாகக் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். காயவைக்கத் தாமதித்தால் கண்ணெதிரே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூக்கும். வினிகரில் நாள்கணக்கில் ஊறப்போடாதீர்கள், நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும்.

மின்சாரம் வைத்துத் துரு எடுக்கும் முறையும் உண்டு: சலவை சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், ஒரு பழைய இரும்புத் துண்டு. கருவிக்கு எதிர்மின் முனை, தியாகம் செய்யும் இரும்புக்கு நேர்மின் முனை. அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக மாறித் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். உங்களிடம் இருப்பதற்கு வினிகரே போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம் கவனியுங்கள். உளி, இழைப்புளித் தகடு இரண்டிலும் துரு குழி குழியாகத் தின்றிருக்கிறதா என்று பாருங்கள். குழி மேலே எங்கோ இருந்தால் கவலையில்லை. தட்டைப் பக்கத்தில் முனையை ஒட்டி ஆழமாக இருந்தால், முனையில் அந்த இடமெல்லாம் பல் போன மாதிரி இருக்கும். வெட்டுகிற மரத்திலும் கோடு விழும். குழியைத் தாண்டும் வரை தேய்த்துத் தள்ள வேண்டியதுதான்.

நேர்கோடு:

எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு மாற்றுக் கருத்து. பழைய கருவிகளைப் புதுப்பிப்பது தனி வேலை, மரவேலை தனி வேலை. துரு எடுத்து, பித்தளைத் திருகைப் பளபளப்பாக்கி, பிடிக்கு வார்னிஷ் அடித்து, அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு ஒரு பெட்டிகூடச் செய்யாதவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். கேள்வி கேட்டவருக்கு வேண்டியது பெட்டி. புதிதாக ஒரே ஒரு சுமாரான உளியும் ஒரு கைரம்பமும் வாங்கினால் இந்த வாரக் கடைசியிலேயே மரத்தை அறுக்கலாம்.

கொட்டாப்புளி:

நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பித்தளையைப் பளபளப்பாக்குவது வெட்டி வேலைதான். வெட்டுகிற முனையையும் பிடிக்கிற பிடியையும் தவிர எதையும் தொடத் தேவையில்லை. ஆனால் கடையில் வாங்கும் விலை குறைந்த புது உளியும் பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும். தட்டைப் பக்கத்தில் இயந்திரம் கடைந்த வரிகள் அப்படியே இருக்கும். ஆக அதே உப்புத்தாள் வேலை புதிதுக்கும் உண்டு.

பழைய உளியில் எஃகு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: முனைக்குப் பக்கத்தில் அரத்தை லேசாக வைத்து ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கெட்டியான எஃகு. சுலபமாகப் பிடித்து அராவினால் மென்மை, யாரோ சூடேற்றிக் கெடுத்திருக்கிறார்கள். மின்சாணையில் அழுத்திப் பிடித்து நீலம் ஏற்றிவிடுவார்கள். அந்த நீல நிறம் வருவது ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசில். அதற்குள் சாதாரணக் கார்பன் எஃகு உளியின் கெட்டித்தன்மை போய்விடும். நீலம் படிந்த பகுதி வரை தேய்த்து எடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் நல்ல எஃகு கிடைக்கும்.

உளியில் "காஸ்ட் ஸ்டீல்" என்று முத்திரை குத்தியிருந்தால் வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், உருக்கிய எஃகு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் கொண்டுவந்த முறை. அந்த முத்திரை உள்ள பழைய உளிகள் பெரும்பாலும் கூர் நன்றாகத் தாங்கும்.

பிளந்த பிடியைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சீவிப் போடுங்கள். அதுவே நல்ல பயிற்சி. கெட்டியான, நார் நேராக ஓடுகிற எந்த மரமும் சரி.

நேர்கோடு:

சரி, முனையும் பிடியும் மட்டும் என்றால் எனக்கும் சம்மதம்.

மாடிப்பட்டறை:

நான் பால்கனியில் வேலை செய்கிறவள். கருவியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். மரத்தை எதில் பிடித்து வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே! புதியவர்கள் முதலில் திணறுவது அங்கேதான். பலகை ஆடிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நல்ல ரம்பமும் கோணலாகத்தான் போகும்.

கழித்துப்போட்ட கனமான கதவு ஒன்று கிடைத்தால் அதுதான் பட்டறை மேசை. உள்ளே காகிதக் கூடு வைத்த இலேசான கதவு வேண்டாம், அடித்தால் பள்ளம் விழும். உயரம், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற அளவு. கையால் இழைப்பதற்கு அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருந்தாலும் நல்லதுதான், உடம்பின் எடை உதவும். மேசை ஆடினால் சுவரில் முட்டுக் கொடுங்கள்.

மேசை விளிம்பில் ஒரு மெல்லிய பட்டையைத் திருகினால் இழைக்கும்போது பலகை முட்டி நிற்கும். அறுப்பதற்கு: ஒரு பலகைத் துண்டின் மேல்பக்கம் ஒரு முனையில் ஒரு கட்டை, கீழ்பக்கம் எதிர் முனையில் இன்னொரு கட்டை. கீழ்க்கட்டை மேசை விளிம்பில் கொக்கி போட்டுக்கொள்ளும், மேல்கட்டையில் மரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்து அறுக்கலாம். உங்களுடைய முதல் வேலையாக நான் சொல்வது இதைத்தான், பெட்டியை அல்ல. அறுப்பது, சதுரம் பார்ப்பது, துளை போடுவது எல்லாம் இதில் வந்துவிடும். கோணலாக வந்தாலும் பயன்படும்.

பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் வேண்டுமே என்பீர்கள். பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். பெட்டியின் நான்கு மூலையும் ஒரே சமயத்தில் இறுகும். கயிற்றைச் சுற்றி நடுவில் குச்சி செருகி முறுக்கினாலும் ஆகும். அகலப் பலகைகளை ஒட்ட இரண்டு முட்டுக்கட்டை, நடுவில் எதிரெதிராகச் செருகிய ஆப்பு. காசே இல்லை.

புதுஉளி:

எல்லோருக்கும் நன்றி! உளி ஒன்றைத் தீட்டியாயிற்று, காகிதத்தைச் சத்தமில்லாமல் வெட்டுகிறது. ரம்பம், மூலைமட்டம் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு ரம்பத்தில் பல் நுனியெல்லாம் கருநீலமாக இருக்கிறது, பிளாஸ்டிக் பிடி. இன்னொன்று மரப்பிடி, பல் பெரிதாக இருக்கிறது, டிஸ்டன் என்று பித்தளைப் பொத்தானில் போட்டிருக்கிறது. மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அரம்பாடி:

பல் நுனி கருநீலமாக இருந்தால் அது மின்சாரத்தால் சூடேற்றிக் கடினமாக்கிய பல். அரம் வைத்தால் அரம்தான் மழுங்கும். மழுங்கியதும் தூக்கிப்போட வேண்டிய வகை. இப்போது கூர் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பிரிக்க உதவும். ஆயுள் முடிந்ததும் அதன் தகட்டை வெட்டி மரம் சுரண்டும் தகடாக்கிக்கொள்ளலாம்.

டிஸ்டனை விட்டுவிடாதீர்கள். ஹென்றி டிஸ்டன் 1840இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பழைய ரம்பங்களை மறுபடி மறுபடி தீட்டி ஓட்டலாம். பல்வரிசையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். தகடு நேராக இருந்தால் பாதி வெற்றி. லேசாக வளைத்து விடுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் மடிப்பு விழுந்திருந்தால் அதை எடுப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம்.

பல் பெரிது என்கிறீர்கள். ஒரு அங்குலத்தில் 5லிருந்து 7 பல் இருந்தால் பெரும்பாலும் நார்வாக்கில் கிழிப்பதற்கு, 8லிருந்து 12 என்றால் குறுக்கே அறுப்பதற்கு. எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் பல்லைக் கிட்டத்தில் பாருங்கள். கிழிக்கிற பல் குட்டி உளிகளை வரிசையாக வைத்ததுபோல் நேராக அராவியிருக்கும். குறுக்குப் பல் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சாய்த்து அராவி, கத்தி முனையாக இருக்கும். கிழிக்கிற ரம்பத்தை வைத்துக் குறுக்கே அறுத்தால் வெட்டுவாயில் நார் பிய்ந்து தொங்கும்.

தீட்டுவதற்கு முக்கோண அரம் ஒன்று வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே ரம்பத்தைப் பிடித்து, முதலில் தட்டை அரத்தை எல்லாப் பல்லின் நுனியிலும் ஓட்டுங்கள். உயரமான பல்லில் மட்டும் சின்னதாக ஒரு தட்டைப் புள்ளி மின்னும். முக்கோண அரத்தால் பள்ளத்தில் அராவும்போது அந்த மின்னல் மறைகிற கணத்தில் நிறுத்துங்கள். ஒரு அராவு கூடினாலும் அந்தப் பல் குட்டையாகிவிடும். கிழிக்கிற ரம்பம்தான் கற்றுக்கொள்ளச் சுலபம், அரத்தை நேராகப் பிடித்தால் போதும்.

மூலைமட்டத்துக்கு: நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்துக் கூரான பென்சிலால் கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பி மறுபக்கமாக வைத்து, அதே இடத்தில் தொடங்கி இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. மேலே போகப்போக விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

மின்கம்பி:

அந்த வட்ட ரம்ப மெஷினைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்கிறேன்: மின் இணைப்பில் செருகவே செருகாதீர்கள், இப்போதைக்கு.

முதலில் கீழ்க் காப்புமூடி. கையால் மேலே தள்ளிவிட்டால் ஸ்பிரிங்கின் பலத்தில் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். மெதுவாக மூடினாலோ, பாதியில் நின்றாலோ, யாராவது கட்டி வைத்திருந்தாலோ அது கருவியே இல்லை. ஒயரின் ரப்பர் வெடித்திருக்கிறதா, உலோக உடலாக இருந்து பிளக்கில் தரையிணைப்பு முள் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய உலோக உடல் மெஷின்களில் உள்ளே ஒயர் உரசினால் உடல் முழுவதும் மின்சாரம் பாயும். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அதை மாற்றிக்கொள்ளலாம், மலிவான வேலை.

பொதுவாகவே பழைய மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: துளை போடும் மெஷின் பரவாயில்லை, ஜிக்சா (மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மெஷின்) பரவாயில்லை. காப்பு இல்லாத வட்ட ரம்பமும் மேசை ரம்பமும் ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம். பேட்டரி கருவி என்றால் பேட்டரியை முதலில் பாருங்கள். செத்த பேட்டரிக்கு மாற்று கிடைக்காத மாடலாக இருந்தால் கருவியே சுமைதான்.

சுத்தியலும் அப்படியே. தலை பிதுங்கிக் காளான் விளிம்பு மாதிரி மடிந்திருந்தால் அந்த விளிம்பைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அடிக்கும்போது அதிலிருந்துதான் சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும்.

பலகைவேட்டை:

கருவி ஓசி, மரமும் ஓசியாக வேண்டாமா?

பேலட் எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம், பக்கத்தில் நாட்டுக் குறியீடு, கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, மரத்தின் நடுவரை குறைந்தது 56 டிகிரி, 30 நிமிடம். எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்திப் பூச்சி கொன்றது, நான் தொடமாட்டேன். முத்திரை நல்லதாக இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ அடித்தால் விட்டுவிடுங்கள், அதில் என்ன கொட்டியது என்று யாருக்குத் தெரியும். பச்சை நிறம் ஏறிய வெளிப்புற மரமும் வேண்டாம். பழைய காலத்தில் ஆர்சனிக் கலந்த கரைசலை ஏற்றியிருப்பார்கள். அதை இழைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. பழைய பெயின்ட் அடித்த கதவு ஜன்னலில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

உண்மையில் பேலட்டைவிட, உடைந்த கட்டில், மேசைக்கால், இழுப்பறைப் பக்கப் பலகை இவைதான் பொக்கிஷம். பல வருடம் வீட்டுக்குள் காய்ந்த மரம், இனிமேல் அதிகம் முறுக்காது. ஒரு காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக ஓட்டிவிட்டுத்தான் நான் இழைப்புளியை எடுப்பேன். தலை போன ஆணி ஒன்று உள்ளே இருந்தால் தீட்டிய முனை அங்கேயே போச்சு.

முகமூடி போடுங்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இழைப்புளிச் சுருள் தொல்லையில்லை. உப்புத்தாள் தூள்தான் நுரையீரல் வரை போவது.

புதுஉளி:

கொக்கிப்பலகை செய்தாயிற்று, கோணல்தான், ஆனால் வேலை செய்கிறது. டிஸ்டன் நேராக இருக்கிறது. மெஷினின் காப்புமூடி பாதியில் நிற்கிறது, ஓரங்கட்டிவிட்டேன்.

இப்போது இழைப்புளி. தகட்டை உளியைப் போலவே தீட்டிவிட்டேன், கையில் முடி வழிக்கிறது. ஆனால் பலகையில் ஓட்டினால் இரண்டு இழுப்பிலேயே இழைப்புளியின் வாயில் (தகடு நீட்டும் அடித்திறப்பில்) சீவல் அடைத்துக்கொள்கிறது. சில இடத்தில் வெட்டவே இல்லை, சில இடத்தில் பிய்த்து எடுக்கிறது.

கொட்டாப்புளி:

எண் 5 நல்ல கருவி தம்பி. இதை வடிவமைத்த பெயிலியின் உரிமைகளை ஸ்டான்லி என்ற கருவி நிறுவனம் 1869இல் வாங்கியதிலிருந்து இதே அமைப்பில்தான் வந்துகொண்டிருக்கிறது. திருகு ஏதாவது தொலைந்திருந்தால் மட்டும் சிரமம். அதன் மரைகள் பொதுவான அளவு இல்லை, இன்னொரு உடைந்த இழைப்புளியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

உங்களுடையது இரண்டு பிரச்சினை. அடைப்புக்குக் காரணம் தகட்டின் மேல் உட்காருகிற மூடித்தகடு. இரண்டையும் சேர்த்துத் திருகி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடுக்கில்தான் சீவல் நுழைந்து அடைக்கிறது. மூடித்தகட்டின் நுனியின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, வெளிச்சம் தெரியாமல் ஒட்டி உட்காரும்படி செய்யுங்கள். தேய்க்கும்போது பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் நுனி மட்டும் தொடும். முரட்டு வேலைக்கு அதை வெட்டுமுனையிலிருந்து ஒன்றரை மி.மீ. பின்னால் வையுங்கள். நார் பிய்கிற மரத்துக்கு அரை மி.மீட்டருக்கும் கீழே நெருக்குங்கள்.

இரண்டாவது, சில இடத்தில் வெட்டாதது. ஒன்று, பலகையே மேடு பள்ளமாக இருக்கலாம், அப்படியென்றால் இழைப்புளி சரியாகத்தான் வேலை செய்கிறது, தொடர்ந்து இழையுங்கள். இல்லையென்றால் அடிப்பரப்பு. அதில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய 80ஆம் எண் தாளில் நாலு இழுப்பு இழுங்கள். தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆனால் கழற்றாமல், இறுக்கிய நிலையிலேயே செய்ய வேண்டும். இறுக்கும்போது உடல் துளி வளையும், வேலையின்போது இருக்கிற வளைவில்தான் சமம் பார்க்க வேண்டும். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை இந்த மூன்று இடத்திலும் கோடு அழிந்தால் போதும். நடுவில் எங்காவது பள்ளம் மிஞ்சினால் விட்டுத்தள்ளுங்கள்.

பிய்ப்பதற்கு: பலகையின் பக்கவாட்டில் நார் எந்தப் பக்கம் மேலே ஏறுகிறது என்று பாருங்கள். ஏறுகிற திசையிலேயே ஓட்டுங்கள். கணு இருக்கும் இடத்தில் திசை மாறும், அங்கே மட்டும் திருப்பி இழையுங்கள்.

மாடிப்பட்டறை:

அடிப்பரப்பில் துளி மெழுகு தேயுங்கள், மெழுகுவத்தி போதும். தள்ளுவது பாதி பலத்தில் முடியும்.

புதுஉளி:

மூடித்தகட்டில் நடுவில் நன்றாகவே வெளிச்சம் தெரிந்தது. தேய்த்தபின் அடைப்பு நின்றுவிட்டது! முழு நீளத்துக்கும் ஒரே சுருளாக வருகிறது, வேண்டாத பலகையையும் சும்மா இழைத்துக்கொண்டிருக்கிறேன். பெட்டிக்கு மெருகு என்ன போடலாம்? கடைக்காரர் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் சொன்னார்.

துருப்பிரியன்:

நல்ல தேர்வு. மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது காற்றோடு வினைபுரிந்து சூடாகும், சுருட்டி வைத்தால் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டு, விறைத்தபின் எறியுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

நேர்கோடு:

பெட்டியின் மூலைக்கு முதல் தடவையே புறா வால் இணைப்பு (வால் வடிவப் பற்களைக் கோக்கும் இணைப்பு) போடுகிறேன் என்று இறங்காதீர்கள். பலகை முனையில் பாதித் தடிமனுக்குப் படி வெட்டி, பசை போட்டு, மூங்கில் குச்சி இரண்டு அடித்தால் போதும், வருடக்கணக்கில் நிற்கும். படி வெட்ட உங்களிடம் இருக்கும் ரம்பமும் அந்த உளியும் தாராளம். கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள், உளி முனை அந்தக் கீறலில் தானாகவே உட்காரும்.